பின்பக்கத்துச் சிவப்பு

கில்ற்றில் இருபத்தேழு மடிப்புகள் இருந்தன. நான் இரண்டு தரம் எண்ணினேன். முதல் தரம் இருபத்தாறு வந்தது. மூன்றாம் தரமும் எண்ணியிருக்கலாம். றோசலின் அன்ரி தேத்தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றதால் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். கொப்பியில் இருபத்தேழு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

அது ஒக்ரோபர் பதினாறாம் திகதி, வியாழக்கிழமை. அன்ரியின் மகள் ஸ்டெபனி அதை ஒரு கறுப்புக் குப்பைப் பையில் சுருட்டி, பிஞ்ச் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஸ்கொட்லாந்துக்காரர் இடுப்பில் சுற்றிக் கட்டும் மடிப்புப் பாவாடைதான் கில்ற். படத்தில் பார்க்க இலேசாகத் தெரியும். கையில் வாங்கினால் நனைந்த போர்வை மாதிரி இருக்கும். எட்டு யார் நீளக் கம்பளித் துணி. புதிதாகத் தைப்பித்தால் எண்ணூறு டொலருக்குக் குறையாது. இது பைப் என்ற காற்றுப்பைக் குழல் வாசிப்பதை விட்டுவிட்டு வன்கூவருக்குப் போய்விட்ட ஒரு பெண்ணுடையது. நூற்றிருபது டொலருக்குக் கிடைத்தது. ஸ்டெபனி கோடை விடுமுறையில் குழந்தைகளைப் பராமரித்து உழைத்த காசு அது.

நான் அவர்கள் வீட்டு பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழான அறையில், வாடகைக்கு இருக்கிறேன். அஜின்கோர்ட்டில், மிட்லண்ட் வீதிக்குக் கிட்ட. பகலில் ஒரு பேக்கரியில் பெட்டி அடுக்கும் வேலை. திங்களும் புதனும் பின்னேரம் வளர்ந்தோர் பாடசாலையில் தையல் வகுப்பு. வகுப்பில் சொல்வதை எழுத வாங்கிய கொப்பியில் வேறு விஷயங்களையும் எழுதத் தொடங்கினேன். ஒன்றை எழுதி வைத்தால் அதைச் சரியாகப் பார்த்தேன் என்று ஒரு நம்பிக்கை. பிறகு வாசித்தால் அந்த நம்பிக்கை குறைந்துவிடும்.

மேல்வீட்டில் முன்பு மூன்று பேர். மார்ச் ஒன்பதாம் திகதி அன்ரியின் கணவர் சீமோன் அங்கிள் வேலை முடிந்து, வெயர்ஹவுஸ் கார் தரிப்பிடத்தில் தன் வான் வண்டிக்குள் ஏறியிருந்து, பெல்ற்றையும் போட்டுவிட்டு இறந்துபோனார். ஐம்பத்திரண்டு வயது. அன்றிலிருந்து றோசலின் அன்ரி கறுப்பு உடுத்துகிறார். அவர்கள் வேதக்காரர், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கணவன் செத்தால் பெண்சாதி ஒரு வருஷம் கறுப்பு. பிள்ளைகளுக்குக் கறுப்புக் கட்டாயமில்லை. ஆனால் சிவப்பு, மஞ்சள் கூடாது. ஆண்டுப் பூசை முடிந்த பிறகுதான் நிறம். இது எங்கள் வழக்கம் இல்லை என்பதால் நான் அன்ரியிடம் கேட்டு எழுதி வைத்தேன். கேட்டது பிழையோ தெரியவில்லை. அவர் ஒரு மருந்துச் சீட்டை வாசிப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அந்த வீட்டில் அழுகை இல்லை. நான் எதிர்பார்த்திருந்தேன், கேட்கவில்லை. அன்ரி விடிய ஏழு மணிக்கு ஷெப்பர்ட் வீதியில் இருக்கும் உலர்சலவைக் கடைக்குப் போவார். அங்கே ஒரு நாளைக்கு நூற்றைம்பது சேர்ட் அழுத்துவார். நாலரைக்கு வந்து சோறு போடுவார். சீமோன் அங்கிள் வாங்கி வெட்டிப் பொதி பண்ணி வைத்த அறக்குளா மீன் ஆழ்குளிர்ப் பெட்டியில் இன்னும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு பொதியை எடுப்பார். மற்ற நாட்களில் பருப்பும் முட்டையும். ஸ்டெபனி சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்ப் பழகு குழலை ஊதுவாள். பைப்பின் பையும் பெரிய குழாய்களும் இல்லாத சின்னக் குழல் அது. ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பி ஊதுவாள். பதினைந்து வயதுப் பிள்ளை. அந்தச் சத்தம் நின்றால் அவள் படுத்துவிட்டாள் என்று கீழே எனக்குத் தெரியும்.

பைப் அவளுக்கும் தகப்பனுக்கும் இடையிலான விஷயம். செவ்வாய்க்கிழமைகளில் அவர்தான் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவார். மண்டபத்துக்கு வெளியே வானுக்குள் இருந்து பணிஸ் சாப்பிடுவார். ஊர்வலங்களில் அவளுடைய வாத்தியக் குழுவான பாண்டுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து நடந்து போனில் வீடியோப் படம் பிடிப்பார். றோசலின் அன்ரி ஒரு நாளும் போனதில்லை. படங்களை மட்டும் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. முன்பக்கம் கடும்பச்சை. பெரிய பெரிய கட்டங்கள். முன்னால் தட்டையாக வரும் இடத்தில் சிவப்பு ஒரே ஒரு பட்டைதான், அதையும் இடுப்பில் தொங்கும் தோல்பை மறைத்துவிடும். ஆனால் பின்னால் ஒவ்வொரு மடிப்பும் அந்தச் சிவப்புப் பட்டையிலேயே மடிக்கப்பட்டிருந்தது. பச்சை எல்லாம் உள்ளே போய்விட்டது. கட்டிக்கொண்டு திரும்பினால் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் சிவப்பு.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எமில்டா மாமி அஜக்ஸிலிருந்து வீடியோவில் வந்தார். சீமோன் அங்கிளின் மூத்த சகோதரி. அன்ரி மீன் பொரித்துக்கொண்டு, போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்திருந்தார். ஸ்டெபனி கில்ற்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“வெள்ளைக்காரன்ரை சாரம்,” என்றார் எமில்டா மாமி. “கொப்பரும் இப்பிடித்தான் ஒரு பச்சைச் சாரத்தோடை திரியிறவன். சரி, திரும்பு பாப்பம்.”

ஸ்டெபனி திரும்பினாள்.

“இதென்ன இது?”

சட்டியில் மீன் பொரிந்தது.

“றோசலின், நீ பாத்தனியே உதை? வருஷம் திரும்பேல்லை. தாய் கறுப்போடை நிக்க, மகள் சிவப்பைக் கட்டிக்கொண்டு றோட்டிலை போறதோ? சனம் சன்ரா குளோஸ் பரேட் எண்டெல்லே நினைக்கும்.”

“நான் இப்பதான் பாக்கிறன் மச்சாள்,” என்றார் அன்ரி.

“என்ரை தம்பி. ஒரு வருஷம் பொறுக்கேலாதோ அவளுக்கு?”

போன் வைத்த பிறகு அன்ரி மீனைத் தட்டில் எடுத்தார். பச்சை என்றால் ஓம், சிவப்பு ஏலாது என்றார். மார்ச் மட்டும் பொறு என்றார். ஸ்டெபனி கோபப்படவில்லை. பாண்டின் விதியை வேறு யாருடையதோ போலச் சொன்னாள். முதல் வருஷம் பாண்ட் கில்ற் இரவல் தரும், அதை மண்டபத்திலேயே திருப்பி வைக்கவேண்டும். இரண்டாம் வருஷம் சொந்தமாக வேண்டும். நவம்பர் பதினொன்று, போரில் செத்தவர்களுக்கான நினைவு நாள் அணிவகுப்புத்தான் தவணை. அதில் நடக்காதவர் பாண்டின் பைப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கேட்டுக்கொண்டு நாலு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

“அப்ப குடுக்கிறதுதானே,” என்றாள். “இட்ஸ் ஓகே அம்மா.”

அவள் சாப்பிடப்போன பிறகும் அன்ரி அடுப்படியில் நின்றார். அன்றைக்குக் குழல் சத்தம் கேட்கவில்லை. சனிக்கிழமையும் கேட்கவில்லை. கொப்பியில் இரண்டு நாளுக்கும் “இல்லை” என்று எழுதியிருக்கிறேன்.

யோசனை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை கில்ற்றை மேசையில் விரித்துப் பார்த்தேன். சிவப்புப் பட்டையில் மடித்தால் சிவப்பு வெளியே வருகிறது. மடிப்பைக் கொஞ்சம் தள்ளிப் பச்சையில் மடித்தால் சிவப்பு உள்ளே போய்விடும். துணி அதே துணி. கடுதாசியில் கோடு போட்டு மடித்து அன்ரிக்குக் காட்டினேன். அவர் அந்தக் கடுதாசியை வாங்கி விரித்தார், மடித்தார், விரித்தார்.

“செய்யேலுமே?”

“ஓம் அன்ரி. எல்லாத்தையும் அவிட்டுத் திருப்பி மடிக்கவேணும்.”

“மடிப்புப் படிய வைக்கிறது என்ரை வேலை,” என்றார்.

பின்பக்கம் பச்சையாக இருக்கலாமோ என்று ஸ்டெபனி பாண்ட் தலைவியிடம் கேட்டாள். அவர் வீட்டு விஷயத்தைக் கேட்டு, இந்த ஒரு வருஷத்துக்குக் கடைசி வரிசையில் நின்றால் பரவாயில்லை என்றார். செவ்வாய்க்கிழமை திரும்பவும் குழல் கேட்டது.

வகுப்பில் ஆசிரியையிடம் கேட்டிருக்கவேண்டும். திங்களும் போனேன், புதனும் போனேன். திங்கள் அவர் ஒரு பெண்ணின் பாவாடைச் சிப் தையல் பிரச்சினையில் இருந்தார். புதன் கேட்க வாயெடுத்தேன். மடிப்பு என்றால் எனக்குத் தெரியாதா என்று பிறகு நினைத்தேன். ஊரில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு எத்தனை மடிப்பு வைத்திருப்பேன். இதைக் கொப்பியில் எழுதவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

ஒக்ரோபர் இருபத்தாறு, ஞாயிறு. அவர்கள் பூசையால் வந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டு, மேசையைத் துடைத்தோம். வெளியே மழை. அன்ரி சவரப் பிளேட்டின் பாதியைக் கையில் எடுத்தார். நான் தையல் பிரிக்கும் ஊசி. ஸ்டெபனி நூல் துண்டுகளைப் பொறுக்குவது. இடுப்புப் பட்டியைக் கழற்றினோம். உள்ளே வெள்ளைப் பருத்தி லைனிங். அதைக் கழற்றினால் அதன் கீழே தடித்த கன்வஸ் ஒன்று எல்லா மடிப்பையும் சேர்த்துத் தைத்திருந்தது. கன்வஸை இப்போது எடுக்கவேண்டாம், எல்லாம் குலைந்துவிடும், வெளிப்பக்கத்தால் மடிப்பை அவிழ்ப்போம் என்று நான்தான் சொன்னேன்.

கையால் தைத்த தையல். ஒரு அங்குலத்துக்குப் பதினாறு பதினேழு. ஒவ்வொரு மடிப்பும் இடுப்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தைக்கப்பட்டு, அதற்குக் கீழே திறந்து விடப்பட்டிருந்தது. தைத்தவர் யாரென்று தெரியாது. நூல் விட மறுத்தது. இரண்டரை மணித்தியாலத்தில் ஒன்பது மடிப்பு அவிழ்த்தோம். அன்ரி இடையில் ஒருதரம் எழும்பித் தேத்தண்ணீர் போட்டார். சலவைக் கடையில் புதிதாக வந்த பெட்டை சேர்ட் கழுத்தைப் பின்பக்கம் முதலில் அழுத்துவதாகச் சொன்னார். மார்ச்சுக்குப் பிறகு அவராக எடுத்துச் சொன்ன முதல் கதை அதுவாக இருக்கவேண்டும். எனக்கு நிச்சயமில்லை.

முதல் மடிப்பைப் பச்சையில் மடித்துப் பார்க்க, அந்தப் பக்கக் கன்வஸையும் கொஞ்சம் அவிழ்த்துவிட்டுத் துணியை இழுத்தேன். துணி வந்தது. கூடவே ஒரு ஓட்டையும் வந்தது.

நீள ஓட்டை. பூவரசம் இலையை நீட்டி இழுத்தது போல, மேலே அகலம், கீழே கூர். கத்தரிக்கோலால் சீராக வெட்டியது. இரண்டாவது மடிப்பை இழுத்தேன், அதிலும் இருந்தது. மூன்றாவதிலும்.

இடுப்பு பருத்துத் தெரியக்கூடாது என்பதற்காக, கில்ற் தைப்பவர்கள் மடிப்புக்கு உள்ளே போகும் துணியை மேல்பாதியில் வெட்டி எடுத்துவிடுவார்களாம். எங்கள் தையலில் மடிப்புக்குள் துணி முழுசாகத்தான் இருக்கும். பிள்ளை வளர வளர அவிழ்த்து விடுவோம், சட்டை பழுதானால் தலையணை உறை தைப்போம். உள்ளே இருக்கும் நல்ல துணியை ஒருவர் வெட்டி எறிவார் என்று எனக்கோ அன்ரிக்கோ யோசனையே வரவில்லை. இந்தத் துணி மடிந்த மாதிரியே மடிந்தால் ஓட்டைகள் உள்ளே கிடக்கும். பச்சையில் மடித்தால் இருபத்தேழு ஓட்டையும் வெளியே வரும்.

அன்ரி அந்த ஓட்டைக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று.

“கை போகுது,” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை எடுக்காமல் இருந்தார். ஸ்டெபனி பொறுக்கிய நூலை எல்லாம் ஒரு பந்தாக உருட்டி மேசை மூலையில் வைத்தாள்.

“அக்கா, இட்ஸ் ஓகே. நான் பைப்பைக் குடுக்கிறன். றியலி.”

அவள் போய்க் கதவைச் சாத்தினாள். பலமாகச் சாத்தவில்லை.

திங்கள் வகுப்பில் ஆசிரியை என் கடுதாசியைப் பார்த்தார். கன்வஸை முதலில் தூக்கிப் பார்த்திருக்கவேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பழையபடி, அதே கோட்டில், அதே மடிப்பில் வைத்தால் மட்டும்தான் அது கில்ற், இல்லாவிட்டால் ஓட்டைத் துணி என்றார். நான் அதை அன்ரிக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார். கில்ற் அயன் மேசையில் கிடந்தது, ஒன்பது மடிப்பு திறந்தபடி. திங்கள், செவ்வாய், புதன். அயன் பண்ண வேண்டிய உடுப்புகளை அன்ரி அதன் பக்கத்தில், கட்டிலில் போட்டு அழுத்தினார். அதை நகர்த்தவில்லை. செவ்வாய் பயிற்சிக்கு ஸ்டெபனி போகவில்லை. பைப் பெட்டி வாசலில், சப்பாத்துகளோடு நின்றது. வருகிற செவ்வாய் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் எடுக்க மேலே போனேன். குசினி மேசையில் அன்ரி கறுப்புச் சட்டையோடு இருந்தார். மடியில் கில்ற். மூக்குக்கண்ணாடி நுனியில். ஒரு மடிப்பு தைத்து முடிந்திருந்தது, இரண்டாவது பாதி. சிவப்பு வெளியே.

நான் நின்றேன். அவர் நிமிரவில்லை.

“வெளிச்சத்தை மறைக்காதை பிள்ளை.”

விலகினேன். பிறகு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன். பழைய நூல் போன துளைகள் துணியில் இன்னும் தெரிந்தன. அதே துளைகளில் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தார். வேலைக்குப் போகுமுன் ஒரு மடிப்பு, சில நாள் ஒன்றரை. ஏழாவது மடிப்பை நான் தைக்கத் தந்தார். நான் வேலையால் வந்து பார்க்கும்போது அதை அவிழ்த்துத் திருப்பித் தைத்திருந்தார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் தையல் அங்குலத்துக்குப் பத்துத்தான் வரும்.

ஸ்டெபனிக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் காலையில் சீரியல் சாப்பிடும்போது எதிரே தாய் சிவப்பைத் தைத்துக்கொண்டிருப்பார். நவம்பர் நாலாம் திகதி, செவ்வாய் பின்னேரம், வாசலில் இருந்த பைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். வரும்போதும் பெட்டி கையில் இருந்தது.

எட்டாம் திகதி சனிக்கிழமை எமில்டா மாமி அஜக்ஸிலிருந்து வந்தார். கையில் மீன் பொதி. தம்பி வாங்கி வைத்தது முடிந்திருக்கும் என்று கொண்டுவந்ததாகச் சொன்னார். உண்மையில் கடைசிப் பொதி அதற்கு முதல் நாள்தான் முடிந்திருந்தது. குசினிக்குள் வந்தவர் மேசையைப் பார்த்தார். அன்ரி லைனிங்கைத் திருப்பி வைத்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மேசை நிறையச் சிவப்பு.

மாமி மீனைத் தொட்டிக்குள் வைத்தார். கோட்டைக் கழற்றவில்லை.

“அப்ப மாறீற்றாய்.”

“நான் மாறேல்லை மச்சாள். துணி விடேல்லை.”

“துணி என்னத்தை விடுறது?”

அன்ரி லைனிங்கை நீக்கி, கன்வஸின் ஓரத்தைத் தூக்கி உள்ளே காட்டினார். மாமி குனிந்து பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். வெட்டின துணியை என்ன செய்திருப்பான் என்று கேட்டார். எறிந்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். “விசரன்,” என்றார்.

அறைக்குள் ஸ்டெபனி ஊதிக்கொண்டிருந்தாள். அதே மெட்டு.

“உதையே ஒவ்வொரு நாளும் ஊதுறாள்?”

“ஓம். மார்ச்சிலையிருந்து,” என்றார் அன்ரி. “அவர் கடைசியாப் படம் பிடிச்சது உந்தப் பாட்டுத்தான். பாதியிலை நிக்குது. போன் சார்ஜ் இல்லாமல் போச்சுதாம். அவள் மிச்சத்தை ஊதுறாள்.”

எனக்கு அது தெரியாது. எட்டு மாதம் கீழே இருந்து கேட்டிருக்கிறேன்.

எமில்டா மாமி கதிரையில் இருந்தார். துணியின் பாரம் மேசையால் வழிந்து தையலை இழுத்தது. அவர் அந்தத் தொங்கலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“இழுபடுது,” என்றார். “தை. நான் பதினொண்டுக்கு வரமாட்டன். எனக்குப் பாக்கேலாது. ஆனால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம், அதை நான் பாத்துக்கொள்ளுறன்.”

அவர் போகும்வரை கோட்டைக் கழற்றவேயில்லை.

திங்கள் பின்னேரம் அன்ரி கில்ற்றைச் சலவைக் கடைக்குக் கொண்டுபோய், கடை மூடிய பிறகு முதலாளியிடம் கேட்டு, பெரிய நீராவி மேசையில் போட்டு அழுத்தினார். மடிப்பு ஒவ்வொன்றையும் இழையோட்டிப் பிடித்து, ஈரத்துணி மேலே போட்டு, அழுத்திவிட்டு, ஆறும்வரை மரக்கட்டையைப் பாரம் வைத்தார். நான் வகுப்புக்குப் போகாமல் கட்டை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வர மடிப்புகள் புத்தகத் தாள் மாதிரி நின்றன.

பதினோராம் திகதி செவ்வாய். ஸ்டெபனி விடியவே போய்விட்டாள். அன்ரி அன்றைக்கும் வேலைக்குத்தான் வெளிக்கிட்டார். ஒன்பதரைக்கு எனக்குப் போன் எடுத்து, இரண்டு மணித்தியாலம் லீவு கேட்டிருக்கிறேன், இடம் தெரியாது, வருவியோ என்றார். நான் பேக்கரியில் சுகமில்லை என்று பொய் சொன்னேன்.

இரண்டு நாளைக்கு முன் விழுந்த பனி வீதி ஓரத்தில் ஊத்தையாகக் கிடந்தது. நினைவுத் தூணைச் சுற்றிச் சனம், கோட்டில் எல்லாருக்கும் போர் நினைவுக்குக் குத்தும் சிவப்புப் பொப்பிப் பூ. ஒரு கிழவர் அன்ரியிடமும் ஒன்றை நீட்டினார். அவர் வாங்கி, குத்தாமல், கோட்டுப் பைக்குள் வைத்தார். பதினொரு மணிக்கு எல்லாரும் பேசாமல் நின்றார்கள். இரண்டு நிமிஷம். நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் பஸ் தரிப்பில் நிற்பது போலத்தான் நின்றார். எங்கள் வீட்டில் எட்டு மாதமாக இப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. அது சரியான நினைப்போ தெரியாது.

பிறகு பாண்ட் நடக்கத் தொடங்கியது. முன்னால் இருந்து பார்த்தால் எல்லாரும் பச்சை. ஸ்டெபனி கடைசி வரிசையில் வலது கரை. அதை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லைப் போல. கன்னங்கள் ஊதிப் பெருத்து, கண் எங்கேயோ. எங்களைக் கண்டாளோ தெரியாது. அவள் ஊதியது அந்த மெட்டு. பாதியைத் தாண்டி, நான் மேலே கூரை வழியாகக் கேட்டுப் பழகிய மிச்சத்துக்குள் போயிற்று.

போனை எடுத்து அன்ரியிடம் நீட்டினேன், படம் எடுக்கட்டுமா என்று. அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வரிசை எங்களைக் கடந்தது. பின்பக்கம் வந்தது. கடைசி வரிசை முழுக்கச் சிவப்பு. அதில் எது ஸ்டெபனியுடையது என்று சிவப்பை வைத்துச் சொல்லமுடியாது. ஒவ்வொரு அடிக்கும் மடிப்புகள் விரிந்தன, உள்ளே பச்சை தெரிந்தது, திரும்ப மூடின.

நான் எண்ணப் பார்த்தேன். முடியவில்லை.

அன்ரி நடைபாதையிலிருந்து வீதிக்கு இறங்கினார். கறுப்புக் கோட், கறுப்புச் சப்பாத்து, ஈரப் பனி. பாண்டுக்குப் பின்னால் ஒரு பத்து அடி விட்டு நடந்தார். வேறு ஒருவரும் அப்படி நடக்கவில்லை. ஒரு பொலிஸ்காரர் பார்த்தார், பேசாமல் விட்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்தேன். அன்ரி, எங்கை போறியள், வேலைக்கு நேரமாகுது என்றேன்.

“மடிப்புக் குலையுதோ எண்டு பாக்கவேணும்,” என்றார். அவர் கண்ணை எடுக்கவில்லை.

பாண்ட் சந்தியில் திரும்பியது. நாங்களும் திரும்பினோம்.